மார்கழிச் சென்னையும் அப்பப்பாவின் கடனும்

பனிக்காலத்தில் ஊரை விட்டுப் புறப்பட்டு, ஒரு பெருநகரிற் சில நாள் தங்கி, கண்டும் கேட்டும் உண்டும் மீள்வது மேனாட்டார்க்கே உரிய வழக்கமென்று நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். யாழ்ப்பாணத்தவர்க்கு அது பழைய வழக்கம். மார்கழி பிறந்ததும் கடல் கடந்தோர் நம் பாட்டனார் காலத்திற் பலர். சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனங் கண்டு அப்படியே வடக்கே ஏறியோர் சிலர். சங்கீதங் கேட்கச் சென்றோர் சிலர். புத்தகம் அச்சிடவும், மகளின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கவுஞ் சென்றோர் வேறு சிலர். அவர்களுக்குச் சென்னை அயல்நாட்டு நகரமாகத் தோன்றியதில்லை. கடலுக்கு அப்பாலுள்ள பெரிய சந்தையாகவும் பெரிய பள்ளிக்கூடமாகவுமே அது தோன்றிற்று.

வழியும் அதற்கேற்ப அமைந்திருந்தது. 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலந் திறக்கப்பட்டதும், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும், அங்கிருந்து சென்னை எழும்பூருக்குப் புகையிரதமும் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடத் தொடங்கின. 'போட் மெயில்' என்னுஞ் சொல் அக்காலத்து வீடுகளிற் குழந்தைகளும் அறிந்த சொல். 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆந் திகதி நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் கடலுக்கு இரையாயினர். பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. 1980களிற் போர் மூண்டதும் அதுவும் நின்றது. 2019 ஆம் ஆண்டு பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டபோதுதான் வடபகுதியார்க்கு நேர்வழி மீண்டுங் கிட்டியது. கொரோனாவால் இடையில் நின்ற விமானம் 2022 டிசெம்பரில் மறுபடியும் பறந்தது.

நாமும் துணைவியாரும் அவ்வழியே 2024 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையிற் சென்னைக்குச் சென்று வந்தோம். மணமாகி இருபது ஆண்டு நிறைந்தமையைக் கொண்டாடும் பயணம் என்று வீட்டாரிடங் கூறினோம். பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுப் புறப்பட்டோம். பயணத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதனை அதற்குரிய இடத்திற் கூறுவோம். அப்பப்பா ஒரு பகலும் ஓரிரவும் கடந்து சென்ற தூரத்தை நாம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிட்டோம். கொண்டுசென்ற பனங்கட்டிக் குட்டான் வெயிலில் இளகுவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை.

மயிலையில் விடியற்காலை

தங்கியது மயிலாப்பூரில். மார்கழியில் அவ்வூரைப் பார்க்கவேண்டுமாயின் காலை ஐந்து மணிக்குப் பார்க்கவேண்டும். தெருக்கள் நீர் தெளிக்கப்பட்டு நனைந்திருக்கும். வாசலுக்கு வாசல் கோலம். ஒரு வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர் புள்ளி வைக்க, பேத்தி கைப்பேசியிற் பார்த்து இழை இழுத்துக்கொண்டிருந்தாள். ஓரிரு வாசல்களிற் சாணவுருண்டையிற் பூசணிப்பூவுஞ் செருகியிருந்தது. குளத்தைச் சுற்றி நடப்போரில் ஆண்கள் பலர் காதையுந் தலையையும் மூடிய கம்பளிக் குல்லா அணிந்திருந்தனர். நமது மார்கழிப் பனியினும் அப்பனி எவ்வகையிலுங் கடுமையானதன்று. எனினும் குளிர் என்பது அவரவர் ஊர் வெயிலைப் பொறுத்தது போலும்.

கபாலீசுவரர் கோயிலில் திருவெம்பாவை கேட்டோம். நம்மூரிற் சங்குஞ் சேமக்கலமும் ஒலிக்க இளைஞர் வீதிவழியே பாடிச்செல்லும் அந்த ஆரவாரம் அங்கில்லை. ஓதுவார் ஒருவர் குளிர்ந்த கல்மண்டபத்தில் நின்று அமைதியாகப் பாடினார். எது சிறந்தது என்று துணைவியாரைக் கேட்டோம். சேமக்கலம் இல்லாமல் திருவெம்பாவை விடியாது என்றார் அவர்.

திருஞானசம்பந்தர் பூம்பாவையை உயிர்ப்பித்த தலம் இது. அப்பதிகத்தில் அவ்வூரில் நிகழும் விழாக்கள் ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. ஆதிரை நாளும் அவற்றுள் ஒன்று. இவ்விழாக்களைக் காணாது போதியோ என்று இறந்த பெண்ணை நோக்கிக் கேட்பதாகப் பதிகம் அமைந்திருத்தலை மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் எமக்கு வியப்புத் தோன்றும். வீடுபேற்றைக் காட்டி அவளை அழைக்கவில்லை. ஊரின் விழாவையும் அடியார்க்கு அமுதிடுதலையுங் காட்டி அழைக்கிறார். சம்பந்தர் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் அது அழிய, இன்றுள்ள கோயில் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்பர். நல்லூர்க் கோயிலின் வரலாறு அறிந்த எமக்கு அச்செய்தியை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் இராமகிருட்டிண மடம். காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார் 1922 இல் அம்மடத்திற் சேர்ந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்த அடிகளானார். அம்மடத்து வெளியீடான 'இராமகிருட்டிண விசயம்' என்னும் திங்களிதழின் ஆசிரியராகவும் விளங்கினார். பிற்காலத்தில் யாழ் நூல் இயற்றிய அவர் இம்மார்கழித் தெருக்களில் நடந்திருப்பார் என்ற எண்ணத்துடன் சிறிது நேரம் அங்கு அமர்ந்திருந்தோம்.

பின்னர் பசி எழுந்தது. மிளகும் நெய்யும் மணக்க வெண்பொங்கல், உழுந்துவடை, பித்தளைக் குவளையிற் கோப்பி. கோப்பியைப் பற்றி ஈழத்தவர் வாய் திறவாதிருத்தலே நலம். நாம் தேநீர் நாட்டார். ஆனால் தோசை வேறு. நான்கு வகைச் சட்டினி வைத்தும் செத்தல்மிளகாய்ச் சம்பலுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை என்பதே எமது துணிபு. துணைவியார் அதனை மறுத்து, கொத்தமல்லிச் சட்டினியை மறுமுறையும் கேட்டு வாங்கினார்.

இசையும் இலையும்

சென்னையின் மார்கழி இசைவிழாவுக்கு வரலாறு உண்டு. 1927 ஆம் ஆண்டு டிசெம்பரிற் சென்னையிற் காங்கிரசு மகாசபை கூடியபோது அதனையொட்டி ஓர் இசை மகாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928 இல் மியூசிக் அக்கடெமி தோன்றிற்று. மேடைகளிற் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கிளர்ச்சி எழவே, 1943 இல் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியாற் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. இன்று மார்கழியில் நகரமெங்கும் சபைகள். பெரும் வித்துவான்கள் மாலையிற் பாடுவர். பகலில் இளைஞர்க்கு மேடை கிடைக்கும், கேட்போர்க்குக் கட்டணமும் இராது. சிக்கனம் கருதிச் சென்ற ஆசிரியக் குடும்பமாதலின் நாம் பகற் கச்சேரிகளையே மிகுதியாகக் கேட்டோம். அவற்றுள் ஒரு கச்சேரியில் இருபது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி, முப்பது பேர்கூட இல்லாத மண்டபத்தில், மூவாயிரம் பேருக்குப் பாடுவதுபோலத் தோடி பாடினாள். அதுவே அவ்வைந்து நாளில் நாம் கேட்டவற்றுட் சிறந்தது.

சபைதோறும் உணவுச்சாலையும் உண்டு. வாழையிலை போட்டு முறையாகப் பரிமாறுகின்றனர். சிலர் இலைக்காகவே இசைக்கு வருகின்றனர் என்பதை எவரும் மறைப்பதில்லை. எமக்கு அடுத்திருந்த பெரியவர் ஒருவர், அன்று எந்தச் சபையில் யார் பாடுகிறார் என்பதைச் சொல்லாது, எந்தச் சபையில் என்ன பாயசம் என்பதை ஒழுங்காக ஒப்புவித்தார்.

எழும்பூர் நூதனசாலையின் வெண்கலச் சிற்பங்களைப் பற்றி எழுதுவதாயின் தனிக் கட்டுரை வேண்டும். திருவாலங்காட்டு நடராசர் முன் நின்றபோது துணைவியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை என்பதை மட்டுங் குறித்து அப்பாற் செல்வோம்.

தங்கசாலைத் தெரு

மூன்றாம் நாள் தங்கசாலைத் தெருவுக்குச் சென்றோம். கம்பெனியார் காலத்து நாணயச்சாலை இருந்தமையால் வந்த பெயர் அது. சைவ நூல்களைப் படித்து வளர்ந்தோர்க்கு இத்தெருப் பெயர் நன்கு தெரியும். ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டு தம் மாணாக்கர் சதாசிவபிள்ளையுடன் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்தார். வழியிற் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு 'நாவலர்' என்னும் பட்டம் அளித்தனர். வாங்கிய இயந்திரத்தை வண்ணார்பண்ணையில் நிறுவி வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டார். பின்னர் சென்னையில் இத்தங்கசாலைத் தெருவிலும் அப்பெயரால் ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். பிழையற்ற பதிப்பு என்பது எவ்வாறிருக்கும் எனத் தமிழ்நாட்டார்க்கு ஈழத்தவர் ஒருவர் காட்டிய இடம் இது.

இன்று அத்தெருவில் வடநாட்டு வணிகர் நிறைந்துள்ளனர். நெய்யிற் பொரியும் ஜிலேபியின் மணம் மூலைக்கு மூலை எழுகின்றது. பாத்திரக் கடை, துணிக்கடை, கைவண்டி, சைக்கிள், மாடு. நாவலர் அச்சுக்கூடம் எங்கிருந்தது என்று நாம் வினவிய கடைக்காரர் இந்தியில் விடை கூறினார். அவ்விடை நாவலரைப் பற்றியதாக இருந்திராது. சுடச்சுட ஜிலேபி வாங்கி உண்டோம். பழைய இடங்களைத் தேடிச் செல்வோர் இவற்றுக்கெல்லாம் மனம் வருந்தலாகாது. வாணிகத் தெருவில் வாணிகம் நடக்கும்.

அன்று பிற்பகல் சென்டிரல் புகையிரத நிலையத்தின் அருகே மூர் மார்க்கெட்டு நின்ற இடத்துக்குச் சென்றோம். 1900 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அச்செங்கற் கட்டடத்திற் கிளியும் முயலும் முதற் பழம்புத்தகம் வரை விற்றனர். 1985 ஆம் ஆண்டு அது தீக்கிரையாயிற்று. இப்போது அங்கே புறநகர்ப் புகையிரதங்கள் வந்து நிற்கின்றன. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அவ்விடத்தில் நாம் அரைமணி நேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. பயணத்தின் மற்றக் காரணமும் அதுவே.

ஒரு புத்தகமும் ஒரு கணக்கும்

எமது அப்பப்பா 1914 ஆம் ஆண்டு, பாம்பன் பாலந் திறந்த அதே ஆண்டிற் பிறந்தவர். 1934 இற் பி. ஏ. படிக்கச் சென்னை சென்று, மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் அறையெடுத்துத் தங்கினார். 1937 ஆம் ஆண்டு மாசி மாதம் அவருடைய தகப்பனார் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. மூத்த மகன், பின்னே மணமாகாத சகோதரிகள் மூவர். அன்றிரவே போட் மெயில் ஏறினார். தேர்வு எழுதவில்லை, சென்னைக்கு மீண்டுஞ் செல்லவுமில்லை. கிராமப் பாடசாலையில் ஆசிரியராயிருந்து 1988 இற் காலமானார்.

அவருடைய சென்னை வாழ்க்கைக்குச் சான்றாக ஒரு பெட்டி நிறையக் கடிதங்களும் படங்களும் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது அப்பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. எஞ்சியது ஒரு புத்தகம்: சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் பதிப்பித்த கலித்தொகை. அதனை அப்பப்பாவின் பழைய மாணவர் ஒருவர் இரவல் வாங்கிச் சென்று பல்லாண்டு திருப்பிக் கொடாமல் வவுனியாவில் வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அவர் மனைவியார் 2012 இல் அதனை எம்மிடம் சேர்ப்பித்தார். இரவல் நூலைத் திருப்பித் தராதவரை வைவது எம் தொழிலுக்குரிய இயல்பு. இவ்வொருவரை மட்டும் வாழ்த்த வேண்டியதாயிற்று.

இப்புத்தகம் சென்ற வழியை வாசகர் சிறிது நினைத்துப் பார்க்கலாம். பதிப்பித்தவர் சிறுப்பிட்டியிற் பிறந்தவர். 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு முதன்முதல் நடத்திய பி. ஏ. தேர்விற் சித்தியெய்திய இருவருள் ஒருவர். மற்றவரான கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தாரே. அவர் ஏட்டிலிருந்து அச்சேற்றிய நூலை மற்றோர் யாழ்ப்பாண மாணவன் மூர் மார்க்கெட்டிற் பழைய விலைக்கு வாங்கிக் கடல் கடத்திக் கொண்டு வந்தான். நூலகத்துக்குக் கொடுத்திருந்தால், 1981 ஆம் ஆண்டு ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணத்தில் எரிந்திருக்கும். மூர் மார்க்கெட்டிலேயே கிடந்திருந்தால் நான்காண்டு கழித்து அங்கே எரிந்திருக்கும்.

அதன் முதற்றாளில் அப்பப்பாவின் கையெழுத்து. வாங்கிய இடமும் விலையும் மேலே. திருவல்லிக்கேணிச் சந்தின் பெயர் நடுவில். அடியிற் பென்சிலால் ஒரு கணக்கு: 'சாப்பாட்டு வகையில் அம்மாளுக்குப் பாக்கி ரூ. 7-8-0.'

அந்த அம்மாளைப் பற்றி நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். கணவனை இழந்தவர், வீட்டிற் சமைத்து ஏழெட்டு மாணவர்க்குச் சோறிட்டு வாழ்ந்தவர். அப்பப்பாவுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டபோது பதினைந்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அந்தப் பதினைந்து நாளுக்கும் காசு வாங்கவில்லை. தந்தி வந்த இரவில் அப்பப்பா கடைசி மாதப் பணத்தைக் கொடாமற் புறப்பட்டுவிட்டார். 1938 இல் மணியோடர் அனுப்பினார். பெறுபவர் அவ்விலாசத்தில் இல்லையென்று திரும்பி வந்தது. யுத்தம் முடிந்தபின் மீண்டும் அனுப்பினார், மீண்டுந் திரும்பிற்று. தனுஷ்கோடி அழிந்த செய்தியை வானொலியிற் கேட்டு, "அந்த வழியும் போச்சுது" என்று சொல்லி எழுந்து சென்றாராம். நாம் பீங்கானிற் சோற்றை மிச்சம் வைத்தெழுந்தால் அவர் ஏசமாட்டார். "எனக்குச் சென்னையில ஒரு சோற்றுக் கடன் கிடக்குது மோனை" என்பார். கர்ணன் செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரைக் கொடுத்த கதையைப் பின்னர்ப் படித்தபோதெல்லாம் எமக்கு அந்த ஏழரை ரூபாவே நினைவுக்கு வரும்.

திருவல்லிக்கேணி

நான்காம் நாட் காலை மாநிலக் கல்லூரியின் முன்னிருந்து புறப்பட்டோம். கடற்கரையை நோக்கி நிற்கும் அக்கட்டடம் 1870 இல் எழுந்தது. அருகே சிசம் அமைத்த செனட் மண்டபம், வண்ணக் கண்ணாடியும் குவிமாடங்களுமாக நிற்கின்றது. அப்பப்பா பட்டம் பெற்றிருந்தால் அம்மண்டபத்திற் கறுப்பு மேலங்கியுடன் நின்றிருப்பார் என்றார் துணைவியார். நாம் மறுமொழி கூறாது நடந்தோம்.

கல்லூரியிலிருந்து பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலுக்குப் பதினைந்து நிமிட நடை. ஆழ்வார்களாற் பாடப்பெற்ற பழம்பதி. கோயிலை அடுத்த தெருவிற் பாரதியார் 1921 இல் மறைந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. உ. வே. சாமிநாதையர் பல்லாண்டு வாழ்ந்து பதிப்புப் பணி செய்த வீடோ 2012 ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. அப்பேரறிஞரின் வீடே நில்லாத ஊரில், மாணவர்க்குச் சோறு சமைத்த ஓர் அம்மாளின் வீடு நிற்குமென்று நாம் எதிர்பார்த்துச் செல்லவில்லை. எனினும் சந்தின் பெயர்ப்பலகையைக் கண்டதும் நெஞ்சு படபடத்தது. (சந்தின் பெயரை இங்கு எழுதாது விடுகின்றோம், அங்குள்ளோர் நிம்மதியாக இருக்கட்டும்.)

சந்தின் இருபுறமும் மணமாகாத ஆடவர் தங்கும் விடுதிகள். 'மேன்சன்' என்கின்றனர். மாடிதோறுங் காயும் சட்டைகள். தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து அங்கே தங்குகின்றனர். திண்ணையுடன் கூடிய ஓட்டுவீடு ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. அங்கிருந்த மூதாட்டி 1962 ஆம் ஆண்டு வாழ்க்கைப்பட்டு அச்சந்துக்கு வந்தவர். அதற்கு முந்திய கதை அவருக்குத் தெரியாது. "சாப்பாடு போட்டவங்க இந்தத் தெருவுல எத்தனையோ பேர்ம்மா. யாருன்னு சொல்றது?" என்றார். துணி தேய்க்கும் முதியவரையும் கேட்டோம். இரும்புப் பெட்டியைக் கீழே வைத்து யோசித்தார். பிறகு தலையை அசைத்தார்.

அவ்வளவில் திரும்பிவிடலாமென்றும், கோயிலில் அன்னதானத்துக்கு ஒரு தொகை கொடுத்தாற் கடன் தீர்ந்ததாகக் கொள்ளலாமென்றும் நாம் கூறினோம். துணைவியார் கணித ஆசிரியை. கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கணக்கிட்டார். ஏழரை ரூபா, எண்பத்தேழு ஆண்டு, நூற்றுக்கு ஆறு வட்டி. தனிவட்டியாயின் முதலும் வட்டியும் நாற்பத்தாறு ரூபா அறுபத்தைந்து சதம். கூட்டுவட்டியாயின் ஏறத்தாழ 1,193 ரூபா.

"நீர் எதைக் கொடுக்கலாமென்கிறீர்?" என்று கேட்டோம்.

"இரண்டும் சரியில்லை. அவர் வாங்கினது காசில்லை, சோறு. ஒரு மாதச் சோறு. கோயிலுக்குக் கொடுத்தால் உங்களுக்குப் புண்ணியம். கடன் அப்படியே கிடக்கும். சோறு சமைச்சு விக்கிற ஒரு மனுசிக்குக் கொடுக்க வேணும்" என்றார்.

எமக்கு அது முதலிற் பொருந்தவில்லை. கடன் கொடுத்தவர்க்கே திருப்ப வேண்டியது. வேறொருவர்க்குக் கொடுத்தல் தானமேயன்றிக் கடனிறுத்தல் ஆகாது என்று வாதித்தோம். சந்தின் முனையில் நின்று இரண்டு ஆசிரியர் தர்க்கம் புரிவதை விடுதி மாடியிலிருந்து இளைஞர் சிலர் வேடிக்கை பார்த்தனர். அம்மாளின் வாரிசை எங்கே தேடுவது என்று அவர் கேட்டார். அதற்கு எம்மிடம் விடையில்லை. பசியும் வந்துவிட்டது. மணி பன்னிரண்டரை.

அடுத்த சந்தில், பெயர்ப்பலகையும் இல்லாத ஒரு வீட்டு முன்னறையில் நான்கு மேசை போட்டு ஓர் அம்மையார் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். பையன்கள் தாமே தட்டெடுத்து, தாமே தண்ணீர் மொண்டு, சுவரிலே தொங்கிய கொப்பியிற் தம் பெயருக்கு நேரே கோடிட்டுச் சென்றனர். துணைவியார் அந்தக் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டங் குறைந்ததும் அம்மையாரிடம் முழுக்கதையையுஞ் சொன்னார். கைப்பேசியிற் படமெடுத்து வைத்திருந்த புத்தகத்தின் முதற்றாளையுங் காட்டினார்.

"சிலோன்லேருந்தா வந்திருக்கீங்க?" என்று கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார் அம்மையார். பழைய எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். "அம்மாளுக்குப் பாக்கின்னு எழுதியிருக்காரே, பேரு போடலியே?" என்றார்.

"அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டிருப்பார்" என்றோம்.

"இவனுங்களும் அப்படித்தான். என் பேரு இவனுங்க யாருக்குந் தெரியாது" என்று அவர் சிரித்தார். ஆனாற் பணத்தை நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "யாருக்கோ பட்ட கடனை நான் எப்படிங்க வாங்குறது? அந்தம்மா சோறு போட்டாங்க. நான் அவருக்கு ஒரு வாய் போட்டேனா?"

எமது வாதத்தை அப்படியே அவர் எடுத்துச் சொல்லவே, நாம் துணைவியாரைப் பார்த்தோம். அவர் அசையவில்லை. கொப்பியைக் காட்டி, இதில் யாராவது பாக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். இரண்டு பேர் இருந்தனர். அதில் ஒருவன் இராமநாதபுரத்துப் பக்கத்தவன். இரண்டு மாதப் பாக்கி. தேர்வு முடிந்ததும் வேலைக்குப் போய்த் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நல்ல பையன், கேட்டால் முகம் வாடிவிடும் என்று கேட்பதில்லையாம்.

"அவன்ட கணக்கில ஒரு மாதத்துக்கு இதை வையுங்கோ. நீங்கள் போட்ட சோற்றுக்குத்தானே காசு? அதை வாங்கலாந்தானே?" என்றார் துணைவியார்.

அம்மையார் நெடுநேரம் யோசித்தார். பிறகு பணத்தை எண்ணி வாங்கினார். பையனுக்குச் சொல்லவேண்டாம் என்று நாம் கேட்டதற்கு மட்டும் உடன்படவில்லை. "சொல்லாம எப்படி? அவன் கணக்குப் பாக்குறவன். குறைஞ்சிருக்கேன்னு கேப்பான். நான் பொய் சொல்ல முடியாது. சிலோன்லேருந்து ஒரு தாத்தா கட்டிட்டுப் போனார்னு சொல்றேன்." அப்பப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னோம். கொப்பியில் அப்பையனின் பெயருக்கு நேரே அன்றைய திகதியும் தொகையும் எழுதி, பக்கத்திற் சிறிய எழுத்தில் அப்பெயரையும் எழுதினார். எழுத்துக்கூட்டலில் ஒரு பிழை இருந்தது. திருத்துவதற்கு எழுந்த எம் கையைத் துணைவியார் பற்றிக்கொண்டார்.

"உக்காருங்க, சாப்பிடாமப் போகக்கூடாது. ரசம் சூடா இருக்கு" என்றார் அம்மையார்.

உட்கார்ந்தோம். சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், ரசம், மோர், அப்பளம். ஐந்து நாளில் உண்டவற்றுள் எது சிறந்தது என்று ஊரிற் கேட்டவர்க்கெல்லாம் துணைவியார் அந்த ரசத்தையே கூறி வருகிறார். நாமும் அதில் மாறுபடவில்லை. எழுந்து கைகழுவியதும், அந்தச் சாப்பாட்டுக்குக் காசு வேண்டாமென்று அம்மையார் பிடிவாதமாக மறுத்தார். எம் வீட்டில் இன்னொரு கடன் ஏறுவதற்குத் துணைவியார் இசையவில்லை. அவர் அடுப்படிக்குத் திரும்பிய வேளை பார்த்து, இருவர் சாப்பாட்டுக்குரிய பணத்தைத் தண்ணீர்க் குவளையின் கீழ் வைத்துவிட்டு வெளியே வந்தோம்.